ஊசி சரி, கிலோமீட்டர் தப்பு: ஜீப் மீட்டரை நேராக்கிய அனுபவம்

போடிப் பக்கம் பழைய மஹிந்திரா ஜீப் வைத்திருப்பவர்களோடு பேச உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கிரவுன் பினியனில் வந்து நிற்கும். ஆக்ஸிலுக்குள் எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொடுக்கும் பல்சக்கர ஜோடி அது: சின்னது பினியன், பெரியது கிரவுன். ஏலத்தோட்டத்துக்கு ஏற 43க்கு 8 பல் கிரவுனை மிஞ்ச ஆளில்லை. பினியன் 5.375 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று வரும். அதனால் இழுவைக்குப் பஞ்சமே இல்லை. அதே வண்டியைக் கீழே இறக்கித் தேனி வழியாக மதுரைக்கு ஓட்டினால் கதை வேறு. ஐம்பதைத் தாண்டியதும் எஞ்சின் கதறும், பக்கத்து சீட்டில் இருப்பவர் பேசுவது காதில் விழாது.

எனக்கு மலை வேலை குறைந்து, மதுரை ஓட்டம் கூடிப்போனது. அதனால் என் எம்.எம். 540இல் 39க்கு 8 போடுவதென்று முடிவு செய்தேன். அது 4.875. முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் இரண்டிலும் மாற்ற வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு 4x4 லீவரைப் போட்டால் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, இரண்டு ஆக்ஸிலுக்கும் ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தின்றுவிடும். கூடவே 6.00-16 டயருக்குப் பதில் அதைவிடப் பெரிய 7.00-16. கிரவுன், டயர் இரண்டுமே ஸ்பீடோமீட்டரை ஒரே பக்கம், அதாவது குறைத்துக் காட்டும் பக்கம், தள்ளும் மாற்றங்கள். ஒன்று கூட்டி மற்றது குறைத்தால் ஓரளவு சமன் ஆகும். இங்கே அந்த அதிர்ஷ்டம் இல்லை.

எங்கள் மெக்கானிக் அண்ணன் வேலையை ஒத்துக்கொள்ளும்போதே சொன்னார்: "தம்பி, வண்டி நல்லா ஓடும். ஆனா மீட்டர் பொய் சொல்லும். இப்பவே என்ன சொல்லுதுன்னு எழுதி வச்சுக்கங்க." எனக்குக் கிடைத்த யோசனைகளிலேயே உருப்படியானது இதுதான். மாற்றிய பிறகு அளப்பவர்கள்தான் அதிகம். மீட்டர் முன்பு எவ்வளவு சரியாக இருந்தது என்று தெரியாமல், இப்போது எவ்வளவு தவறு என்று எப்படிச் சொல்வது?

ஆக, பழைய கிரவுன், பழைய டயரோடு இரண்டு விஷயங்களை அளந்தேன். முதலாவது ஊசி. போனில் ஜி.பி.எஸ். வேகம் காட்டும் செயலியைப் போட்டு, நண்பனைப் பக்கத்தில் உட்கார வைத்து, நேரான சமதளச் சாலையில் ஊசியை 60இல் அசையாமல் பிடித்தேன். ஜி.பி.எஸ். 56 காட்டியது. இதை மலைப்பாதையில் செய்யாதீர்கள். வளைவிலும் மரநிழலிலும் ஜி.பி.எஸ். தடுமாறும், வேகம் மாறும்போது ஓரிரு நொடி பிந்தியும் காட்டும்.

இரண்டாவது ஓடோமீட்டர், அதாவது ஓடிய கிலோமீட்டர் கணக்கு. தேனியிலிருந்து உசிலம்பட்டி போகும் தேசிய நெடுஞ்சாலையில் மஞ்சள் தலை கிலோமீட்டர் கற்களை வைத்து 20 கி.மீ. பார்த்தேன். மீட்டர் 20.1 காட்டியது. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவில் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. சாலை விரித்தபோதும் புறவழி போட்டபோதும் சில கற்கள் இடம் மாறியிருக்கும். இருபது கல் போனால் அந்தப் பிசகு கரைந்துவிடும். பழைய மீட்டரில் கடைசி எண் நூறு மீட்டருக்கு ஒருமுறைதான் நகரும் என்பதால் தூரம் நீளமாக இருப்பதே நல்லது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஊசி ஏழு சதவீதம் கூட்டிக் காட்டுகிறது, ஓடோமீட்டரோ கிட்டத்தட்ட துல்லியம். ஒரே கேபிள், ஒரே டப்பா, இரண்டு கணக்கு. இது கோளாறில்லை. டப்பாவுக்குள் வேலையே இரண்டாகப் பிரிகிறது. கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்தை ஒட்டி, தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம். காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் உண்டாகும் சுழல் மின்னோட்டம் அதைத் தன்னோடு இழுக்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று பின்னால் பிடித்து நிறுத்தும். கிண்ணத்தின் தண்டில்தான் ஊசி. ஓட்டோ ஷூல்ட்சே 1902இல் ஜெர்மனியில் காப்புரிமை கேட்ட ஏற்பாடு இது. நூறு ஆண்டு கடந்தும் என் டாஷ்போர்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடோமீட்டருக்கு இந்தக் காந்த விளையாட்டு எதுவும் கிடையாது. அதே தண்டிலிருந்து வெறும் பல்சக்கரங்கள் வழியாக எண் உருளைகள் சுற்றும். கேபிள் எத்தனை சுற்று சுற்றியதோ அத்தனைக்குத்தான் கணக்கு.

ஊசி கூட்டிக் காட்டுவது வேண்டுமென்றே வைப்பது. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதி 39இன்படி ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிட ஒருபோதும் குறைத்துக் காட்டக் கூடாது. கூட்டிக் காட்டலாம்: உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் மேலே 4 கி.மீ.யும் வரை. நீங்கள் 60இல் போகும்போது ஊசி 60 முதல் 70 வரை எங்கே நின்றாலும் குற்றமில்லை. டயர் தேய்மானம், காற்று அழுத்தம், சுருள்வில்லின் வயது எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தயாரிப்பாளர்கள் ஊசியைக் கொஞ்சம் முன்னால் தள்ளியே வைக்கிறார்கள்.

அதனால்தான் "பெரிய டயர் போட்டேன், இப்போ ஜி.பி.எஸ்.ஸும் மீட்டரும் கரெக்டா பொருந்துது" என்று யாராவது மகிழ்ந்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஊசி பொருந்தியிருக்கலாம். ஆனால் முன்பு சரியாக இருந்த ஓடோமீட்டர் அன்றிலிருந்து குறைத்து எண்ண ஆரம்பித்திருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை.

என் வண்டிக்கு வருகிறேன். எம்.எம். 540இல் மீட்டர் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கத் தண்டிலிருந்து வருகிறது. அதாவது கியர்பாக்ஸுக்குப் பிறகு, கிரவுனுக்கு முன்பு. இந்த இடத்தைத் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானே விளங்கும். லோ கியர் லீவரைப் போட்டாலும் மீட்டர் தவறாது, ஏனென்றால் கேபிள் அதற்கும் பின்னால் இருக்கிறது. ஆனால் கிரவுனை மாற்றினால் தவறும், டயரை மாற்றினாலும் தவறும்.

கணக்கு இரண்டே பெருக்கல். கிரவுன்: 43ஐ 39ஆல் வகுத்தால் 1.1026. டயருக்கு அதன் பக்கவாட்டில் போட்டிருக்கும் அளவை நம்பாமல் தரையில் உருட்டிப் பார்த்தேன். வால்வு கீழே இருக்கும்போது சுண்ணாம்புக் கோடு, ஐந்து சுற்று உருட்டி மறுபடி கோடு, நடுவில் டேப். ஓட்டுநர் சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், காற்று வழக்கமான அழுத்தத்தில் இருக்க வேண்டும். எடை ஏறியதும் டயர் அமுங்கி, ஒரு சுற்றுக்கு ஓடும் தூரம் குறையும். பழைய டயருக்கு ஐந்து சுற்றில் 10.90 மீட்டர், புது டயருக்கு 11.75 மீட்டர். வகுத்தால் 1.078. இரண்டையும் பெருக்கினால் 1.189. சுருக்கமாக, வண்டி 100 கி.மீ. ஓடினால் மீட்டர் 84 என்று எழுதும்.

மாற்றிய பிறகு அதே சாலை, அதே கற்கள். இருபது கல்லுக்கு 16.9. ஊசி 60இல் நிற்க, ஜி.பி.எஸ். 66க்கும் 67க்கும் நடுவில் ஊசலாடியது. கணக்கும் சாலையும் ஒத்துப்போனதில் ஒரு சந்தோஷம். அடுத்த நிமிடமே வேறொரு கணக்கு மனதில் ஓடியது. இத்தனை வருடமாக என் பழக்கம் ஊசி 60. அது உண்மையில் 56. அதே பழக்கத்தில் இப்போது 66.5இல் போவேன். வண்டியை நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடுதல். என் ஜீப்பில் நான்கும் டிரம் பிரேக். எஞ்சின் சத்தமும் குறைந்துவிட்டதால் வேகம் காதுக்கும் தெரியாது. 'கிரவுன் மாத்தினதும் வண்டி எவ்வளவு சாதுவா ஓடுது' என்று தோன்றும் அந்த முதல் வாரம்தான் ஆபத்தானது. மீட்டர் சரியாகும் வரை கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டி வைத்தேன்: ஊசி 45 என்றால் உண்மை வேகம் 50, 54 என்றால் 60.

பிறகு மதுரையில் ஒரு மீட்டர் ரிப்பேர் கடை. சின்னக் கடை. மேசை மீது மோட்டார் பொருத்திய பெஞ்ச், சுவரெல்லாம் லாரி மீட்டர், பஸ் மீட்டர், ஆட்டோ மீட்டர். கடைக்காரப் பெரியவர் முதலில் கேட்டது: "ஊசிய மட்டும் ஏத்தி விடணுமா, உள்ள ஓட்டத்தையே சரி பண்ணணுமா?" பெரும்பாலானவர்களுக்கு முதலாவதே போதும் என்றார். ஊசியைப் பிடுங்கி ஒரு பத்து கி.மீ. முன்னால் குத்திவிடுவார்கள். சீக்கிரம் முடிகிற, காசு குறைந்த வேலை. ஆனால் அது சரிவராது. என் வண்டியில் பிழை விகிதத்தில் இருக்கிறது. உண்மை வேகம் 30இல் ஊசி முன்னைவிட 5 குறைவாகக் காட்டும், 60இல் 10 குறைவாகக் காட்டும். ஊசியை நிலையாகப் பத்து தள்ளினால் 60 பக்கம் மட்டும் சரியாகும், கீழ் வேகங்களில் கூட்டிக் காட்டும், நிற்கும் வண்டி பத்தில் போவதாகச் சொல்லும். காந்தத்தின் பலத்தை மாற்றியோ சுருள்வில்லைத் திருத்தியோ எல்லா வேகத்திலும் ஊசியைச் சரிக்கட்டலாம், அது அவருக்குத் தெரிந்த வித்தைதான். அப்போதும் எண் உருளைகள் பழைய பொய்யையே எண்ணிக்கொண்டிருக்கும்.

இரண்டையும் ஒரே அடியில் சரியாக்க ஒரு வழிதான்: மீட்டருக்குள் நுழையும் கேபிளையே 1.189 மடங்கு வேகமாகச் சுற்ற வைப்பது. டிரான்ஸ்ஃபர் கேஸில் கேபிள் நுழையும் இடத்தில் இருக்கும் சின்னப் பினியனில் பல்லைக் குறைத்தால் கேபிள் வேகம் கூடும். எடுத்துக்காட்டாக அதில் 16 பல் இருந்தால் எனக்கு வேண்டியது 13.46 பல். அரைப் பல் யாரும் வெட்ட முடியாது. 13 போட்டால் மூன்றரை சதவீதம் கூடும், 14 போட்டால் நான்கு சதவீதம் குறையும். பல் குறையும்போது பினியனின் விட்டமும் குறைவதால், எதிர்ப் பல்லோடு சரியாகக் கோக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கார் கம்பெனி வெவ்வேறு பல் பினியன்களைத் தனித்தனி உறையோடு விற்கும் மாடல்களில் இது எளிய வழி. எனக்கு அந்த வசதி இல்லை.

பெரியவர் சொன்ன மாற்று வழி, கேபிளுக்கும் மீட்டருக்கும் நடுவே ஒரு ரேஷியோ பெட்டி. பித்தளை உடல், ஒரு பக்கம் கேபிள் நுழையும், மறுபக்கம் மீட்டர் திருகும். உள்ளே 19 பல் சக்கரம் 16 பல் சக்கரத்தை ஓட்டினால் 1.1875. வேண்டியதற்கு மயிரிழை வித்தியாசம். ஆனால் இரண்டு சக்கரம் மட்டும் வைத்தால் சுற்றும் திசை தலைகீழாகிவிடும். "அப்புறம் ஊசி சைபர்லயே முட்டிக்கிட்டு நிக்கும் சார், கிலோமீட்டர் பின்னாடி போகும். போலீஸ் புடிச்சா நான்தான் மாட்டுவேன்" என்று சிரித்தார். நடுவில் ஒரு சும்மா சக்கரம் வைத்தால் விகிதம் மாறாமல் திசை மட்டும் நேராகும். பழைய மீட்டர்களில் இருந்து எடுத்த சக்கரங்கள், பக்கத்து லேத் பட்டறையில் கடைந்த உடல். பெட்டியை டாஷ்போர்டுக்குப் பின்னால், மீட்டர் முனையில் மாட்டச் சொன்னார். கீழே டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் மாட்டினால் சேறும் சூடும் தின்றுவிடும்.

மாட்டும் முன் கேபிளையும் பார்த்தார். ஊசி துடித்தால் பலரும் மீட்டரைத்தான் குறை சொல்வார்கள். உண்மையில் கேபிள் எங்கோ கூர்மையாக மடங்கியிருக்கும், அல்லது உள்கம்பி காய்ந்திருக்கும். கம்பியை உருவி, கழுவி, கிரீஸ் தடவினார். மீட்டர் பக்க முனையில் மட்டும் தடவவில்லை. அங்கே தடவினால் கிரீஸ் ஏறிக் காந்தக் கிண்ணத்துக்குள் போய்விடுமாம். துடிக்கிற ஊசியை வைத்துக்கொண்டு எந்தத் திருத்தமும் அளக்க முடியாது, ஆகவே இதுதான் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

திரும்பவும் கற்கள். இருபதுக்கு 20.1. ஊசி 60, ஜி.பி.எஸ். 56. பழையபடி. ஊசியையும் ஜி.பி.எஸ்.ஸோடு பொருத்திவிடலாமே என்று நண்பன் கேட்டான். வேண்டாம் என்றேன். தயாரித்தவர்கள் வைத்த ஏழு சதவீத முன்ஜாக்கிரதை டயர் புதிதாக இருக்கும்போதும் தேய்ந்த பிறகும் என்னைக் காப்பாற்றும். எதை வைத்து மீட்டரைச் சரிபார்ப்பது என்றால், என் பதில் ஓடோமீட்டர். அது சரியானால் ஊசி தன் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

மீட்டர் தவறாக ஓடிய இடைக்காலத்தில் இன்னொன்றும் தெரிந்தது. டீசல் கணக்கு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. முன்பு லிட்டருக்கு 11. மாற்றிய பிறகு நோட்டில் 10.3. பெரிய டயர் போட்டால் மைலேஜ் போய்விடும் என்று ஊரே சொல்வதற்குச் சாட்சியம் போல இருந்தது. ஆனால் 10.3ஐ 1.189ஆல் பெருக்கினால் 12.2. மைலேஜ் கூடியிருக்கிறது, மீட்டர் அதை மறைத்திருக்கிறது. டயர் மாற்றியபின் மைலேஜ் குறைந்ததாகப் புலம்புகிறவர்களில் எத்தனை பேர் இந்தப் பெருக்கலைச் செய்திருப்பார்கள்?

ஆயில் மாற்றும் கணக்கில் வேடிக்கை வேறு மாதிரி. மீட்டர் 5,000 காட்டும்போது வண்டி 5,940 ஓடியிருக்கும், ஆயில் மாற்ற நேரம் தாண்டிவிட்டது என்று பதறத் தோன்றும். யோசித்தால், டாப் கியரில் எஞ்சினும், ஆக்ஸிலுக்குப் போகும் நீளத் தண்டான ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டும் ஒரே சுற்று, மீட்டர் எண்ணுவதும் அந்த ஷாஃப்ட்டைத்தான். ஆகவே எஞ்சின் சுற்றிய சுற்றுகளுக்கு அந்தத் தவறான 5,000தான் சரியான கணக்கு! வீல் பேரிங், பிரேக் லைனிங், டயர் மாற்றிப் போடுவது ஆகியவற்றுக்குத்தான் உண்மையான 5,940 பொருந்தும்.

மற்ற வண்டிகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: மீட்டர் எங்கிருந்து கணக்கு எடுக்கிறது என்பதே முதல் கேள்வி. கேபிள் வைத்த புல்லட்டில் அது முன்சக்கரத்தில் இருக்கிறது. செயின் ஸ்ப்ராக்கெட்டை எப்படி மாற்றினாலும் மீட்டருக்குத் தெரியாது, பின் டயரை மாற்றினாலும் தெரியாது. முன்னால் 90/90-19க்குப் பதில் 100/90-19 போட்டால் மட்டும் 2.8 சதவீதம் குறைத்துக் காட்டும். ஹோண்டா சி.பி.ஆர். 250 ஆரில் சென்சார் கியர்பாக்ஸில் இருக்கிறது. முன் ஸ்ப்ராக்கெட்டை 14இலிருந்து 15 ஆக்கினால் வண்டி காட்டுவதைவிட 7 சதவீதம் வேகமாக ஓடும். பொலேரோவில் 215/75 ஆர்15ஐ 235/75 ஆர்15 ஆக்கினால் 4.3 சதவீதம், பழைய மஹிந்திரா தார் சி.ஆர்.டி.இ. ஜீப்பில் 235/70 ஆர்16ஐ 245/75 ஆர்16 ஆக்கினால் 5.2. இவை புதியதும் புதியதும் ஒப்பிட்ட காகிதக் கணக்கு. தேய்ந்த டயரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினால், அளவு அதேதான் என்றாலும் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் மாறும்.

கேபிள் இல்லாத வண்டிகளில் சென்சார் அனுப்பும் துடிப்புகளைப் பெருக்கியோ குறைத்தோ அனுப்பும் சின்ன எலக்ட்ரானிக் பெட்டி ஒன்றைச் சென்சார் வயரில் இணைப்பார்கள். ஸ்பீடோஹீலர் போன்றவை அந்த வகை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமலும் வண்டி சறுக்காமலும் காக்கும் ஏ.பி.எஸ்., இ.எஸ்.பி. உள்ள புது வண்டிகளில் வயரை வெட்டும் முன் நூறு முறை யோசியுங்கள். அதே சக்கர வேகக் கணக்கைப் பிரேக் கம்ப்யூட்டரும் நம்பியிருக்கிறது. அங்கே ஸ்கேனர் கருவி மூலம் டயர் சுற்றளவை மாற்ற அந்த மாடல் அனுமதிக்கிறதா என்று கேட்பதுதான் சரி. மஞ்சள் போர்டு வண்டியில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருந்தால் அதுவும் இதே கணக்கில்தான் 80ஐப் பிடித்து நிறுத்துகிறது, டயர் பெரிதானால் உண்மையில் அதைத் தாண்டிவிடும்.

சட்டப் பக்கம் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியின் அடிப்படை விவரங்களை மாற்றுவதைப் பற்றியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து விலகும் மாற்றங்களை இறுக்கிப் பிடித்தது. நான் டயருக்கு ஆர்.டி.ஓ. ஆபீசிலும் இன்சூரன்சிலும் முதலில் கேட்டுக்கொண்டேன். விபத்துக்குப் பிறகு கேட்பதைவிட அது மேல்.

கடைசியாகச் செய்த வேலை: சர்வீஸ் நோட்டில் ஒரு பக்கம். கிரவுனும் டயரும் மாறிய அன்று மீட்டர் காட்டிய எண், ரேஷியோ பெட்டி மாட்டிய அன்று காட்டிய எண், இரண்டுக்கும் நடுவில் உள்ளதை 1.189ஆல் பெருக்கிக்கொள்ளவும் என்ற குறிப்பு, கடை பில்லின் நகல். அதையே ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு பானட்டுக்கு உள்பக்கம் ஒட்டியும் வைத்திருக்கிறேன். நாளை இந்த ஜீப்பை வாங்குகிறவர் 6.00-16க்குத் திரும்பினால், அந்தப் பித்தளைப் பெட்டியில் எந்தச் சக்கரத்தை மாற்றுவது என்பதும் அதில் இருக்கிறது.